ரத்தத்தில் இல்லாத நோவு

மார்கழி பிறந்த நாலாம் நாள் காலையில் செல்லத்தாயின் விரல்கள் விரியவில்லை.

கோழி கூப்பிட எழுந்து பாயைச் சுருட்டப் போனவள், பாயின் ஓரத்தைப் பிடித்த கையோடு அப்படியே உட்கார்ந்துவிட்டாள். வலது கையின் நடுவிரலும் மோதிரவிரலும் உள்ளங்கைக்குள் மடிந்து பூட்டிக்கொண்டு கிடந்தன. இடது கையால் ஒவ்வொன்றாக நிமிர்த்தினாள். நிமிரும்போது கணுவுக்குள் ஏதோ சொடுக்கென்று துள்ளி, வலி முழங்கைவரை ஏறி இறங்கியது. பக்கத்தில் காசிமாயன் விழித்துக்கொண்டானா என்று பார்த்தாள். அவன் கூரையைப் பார்த்துப் படுத்திருந்தான். கண் திறந்திருந்ததா, மூடியிருந்ததா, இருட்டில் தெரியவில்லை.

ஐப்பசி மழையோடு வந்த நோவு இது. முதலில் மணிக்கட்டில், பிறகு விரல் கணுக்களில். வீக்கம் என்று பெரிதாக ஒன்றும் கிடையாது. யாருக்காவது காட்டினால், நல்ல கைதானே என்றுதான் சொல்வார்கள். பொழுது ஏறி வெயில் உறைத்ததும் விரல்கள் தாமாக இளகிவிடும். உச்சிப்பொழுதில் பார்க்கிறவனுக்கு விடிகாலையில் அவை இருந்த இருப்பை என்ன சொல்லி நம்ப வைப்பது?

தொழுவத்தில் மூன்று எருமைகள். மூன்றையும் கறந்து கேனில் ஊற்றினால்தான் காசிமாயன் ஆறு மணிக்குச் சைக்கிளை மிதித்துச் செக்கானூரணி டீக்கடைகளுக்குப் பால் கொண்டுபோக முடியும். கறவைக்கு உட்காரும் முன் செல்லத்தாய் இரண்டு கைகளையும் எருமையின் அடிவயிற்றுக்கும் தொடைக்கும் நடுவில் சொருகி வைத்துக்கொள்வாள். அந்தச் சூட்டில் விரல்கள் கொஞ்சம் விட்டுக்கொடுக்கும். எருமை அசையாமல் நிற்கும். அந்த வீட்டில் அவளுடைய நோவு தெரிந்த ஒரே உயிர் அதுதான்.

சொல்லியிருக்கலாம். சொல்ல முடியாததற்குக் காரணம் அந்த வீட்டிலேயே இருந்தது. சாமி மூலையில், பனையோலைப் பெட்டிக்குள், மடித்த புதுச்சேலையாக இருந்தது. செல்லத்தாயின் அக்காள் ரெங்கம்மாளின் பெட்டி அது. காசிமாயனுக்கு முதலில் வாக்கப்பட்டவள் ரெங்கம்மாள்தான். பூவும் பொட்டுமாகச் செத்தவள் வீட்டுக்குச் சாமி. வருசம் ஒரு தடவை தை மாதத்தில் அந்தப் பெட்டிக்குள் புதுச்சேலை வைத்துக் கும்பிடுவார்கள். பழைய சேலையை எடுத்து அந்த வீட்டுப் பொம்பளை கட்டிக்கொள்ள வேண்டும். அக்காள் செத்த அடுத்த வருசம் தங்கச்சியைக் காசிமாயனுக்குக் கட்டிவைத்தார்கள். ஆறு வருசமாக ஆறு சேலை கட்டியாயிற்று.

ரெங்கம்மாளுக்கும் இதே விரல்கள்தான் மடங்கின. இதே விடிகாலையில்தான்.

அப்போது செல்லத்தாய்க்குப் பதினேழு வயது. பருத்தி எடுப்புக்கு ஒத்தாசையாக அக்காள் வீட்டில் வந்து தங்கியிருந்தாள். ஒருநாள் ரவிக்கைக் கொக்கியை மாட்டிவிடச் சொல்லி அக்காள் முதுகைக் காட்டி நின்றாள். செல்லத்தாய் சிரித்தாள். 'இந்த நோவு ராணிகளுக்குத்தான் வரும்க்கா, பக்கத்துல தோழி நிக்கணும்ல' என்று சொன்னாள். அக்காளும் கூடச் சிரித்தாள். அந்தச் சிரிப்பு இப்போது ஒவ்வொரு விடிகாலையிலும் செல்லத்தாயின் விரல்களுக்குள் வந்து உட்கார்ந்துகொள்கிறது.

காசிமாயன் அந்த வருசம் ரெங்கம்மாளை மதுரைக்குக் கூட்டிப்போய் ரத்தம் சோதித்துக் கொண்டுவந்தான். ஒன்றுமில்லை என்று காகிதம் வந்தது. கிணற்றடியில் நாலு பொம்பளைகள் இருக்கும்போது அதைச் சொன்னான். ரத்தம் சுத்தமாக இருக்காம், இவளுக்கு நோவு நாக்கில்தான் இருக்கிறதாம் என்று சொன்னான். பொம்பளைகள் சிரித்தார்கள். ரெங்கம்மாள் அதற்குப் பிறகு நோவைப் பற்றிப் பேசவேயில்லை. இரண்டு மாதம் கழித்து வீட்டுக்குப் பின்னால் இருக்கும் தோட்டத்துக் கிணற்றில் அவளை மிதக்கக் கண்டார்கள். வெளியே எடுத்தபோது வாளிக்கயிறு இரண்டு கைக்குள்ளும் இருந்தது. அறுத்துத்தான் எடுக்க வேண்டியிருந்தது. கால் வழுக்கி விழுந்துவிட்டாள் என்று போலீசில் எழுதிக்கொடுத்தார்கள். எழுதிக் கொடுத்ததை ஊர் நம்பவில்லை. புருசன் பேசிய பேச்சுக்குத் தானாக விழுந்து செத்தாள், மேலே வந்துவிடக் கூடாதென்று கயிற்றைச் சுற்றிக்கொண்டு விழுந்தாள் என்றது. காசிமாயனும் அப்படியே நம்பினான்.

இரண்டு நாள் கமலை கட்டிக் கிணற்றை வெறுந்தரை தெரிய இறைத்தார்கள். பால் ஊற்றினார்கள். பிறகு ஊறிய தண்ணீரைத்தான் இன்றைக்கும் குடிக்கிறார்கள். அந்தப் பக்கத்தில் உப்புக் கரிக்காத தண்ணீர் அது ஒன்றுதான்.

*

நோவைக் காட்டிக்கொடுத்தது கேப்பைக்களி.

களி கிண்டுவதற்கு இரண்டு கையும் வேண்டும். பானையைக் காலிடுக்கில் அண்டக் கொடுத்து, துடுப்பை இறுகப் பிடித்து, மாவு வேக வேகச் சுழற்றிக்கொண்டே இருக்க வேண்டும். நடுவில் ஒரு மூச்சு நிறுத்தினாலும் கட்டி தட்டிவிடும். அன்றைக்குச் செல்லத்தாய் மூன்று தடவை நிறுத்தினாள்.

மாமியார் முத்துத்தாய் கும்பாவில் உருண்டையைப் பிட்டாள். உள்ளே வெள்ளையாக மாவு. கருவாட்டுக் குழம்பைத் தொட்டு இன்னொரு விள்ளல் எடுத்தாள். அதிலும் மாவு. கும்பாவைத் தள்ளி வைத்தாள்.

"ஏண்டி, இந்த வீட்டுல களி கட்டி தட்டி எம்புட்டு வருசமாச்சு?"

செல்லத்தாய் கையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள்.

"கையக் காட்டு."

"கைக்கு என்ன அயித்தே, நல்லாத்தான் இருக்கு."

"காட்டுங்குறேன்ல."

முத்துத்தாய் அந்தக் கையை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். நடுவிரல் கணுவில் கட்டைவிரலை வைத்து அமுக்கினாள். செல்லத்தாயின் கண்ணில் நீர் கோத்துவிட்டது. முத்துத்தாய் கையை விட்டுவிட்டு எழுந்து போய்ச் சாமி மூலையைப் பார்த்து நின்றாள். திட்டுவாள் என்று காத்திருந்தவளுக்கு அந்தப் பேசாமைதான் பயமாக இருந்தது. முத்துத்தாய் வாயாடி. கோழி குறுக்கே போனால் அதன் பரம்பரையையே இழுப்பாள். அவள் சத்தமில்லாமல் நின்று செல்லத்தாய் பார்த்ததில்லை.

அன்றைக்குச் சாயங்காலம் ஆத்தாளும் மகனும் வைக்கோல் படப்புக்குப் பின்னால் நின்று வெகுநேரம் பேசினார்கள். மறுநாள் பாலைப் பக்கத்து வீட்டு முத்திருளன் கையில் கொடுத்தனுப்பிவிட்டுக் காசிமாயன் வெள்ளைச் சட்டை போட்டான். கிளம்பு, மதுரைக்குப் போவோம் என்றான்.

*

கே.கே. நகரில் அந்த ஆஸ்பத்திரி புது வீடு மாதிரி இருந்தது. சுண்ணாம்பு வாசனைகூடப் போகவில்லை. டீக்கடைக்காரர் சொல்லி அனுப்பிய இடம். பெஞ்சில் சம்பளக்கார வீட்டுப் பெண்கள் கைக்குழந்தைகளோடு உட்கார்ந்திருந்தார்கள். காசிமாயன் உட்காராமல் சுவரோரமாக நின்றான். செருப்பை வாசலிலேயே விட்டுவிட்டு வந்திருந்தான்.

டாக்டர் முதலில் ரத்தம் எடுத்துக்கொண்டு வரச் சொல்லிவிட்டார். ரத்தம் எடுக்கிற அறையில் இருந்தவர் சிஹாபுதீன் என்பவர். நாற்பது வயதிருக்கும். தெற்குவாசல் பக்கத்துக்காரர், பேச்சில் சிரிப்பு இருந்தது. ஊசி போடும்போது அங்கிட்டுப் பாருங்கம்மா, அந்தக் காலண்டர்ல என்ன தேதின்னு சொல்லுங்க என்றார். தனக்குத் தேதி படிக்கத் தெரியாது என்றாள் செல்லத்தாய். நல்லதாப் போச்சு, பார்த்துக்கிட்டே இருங்க, தெரியுற வரைக்கும் வலிக்காது என்றார் அவர்.

முடிவு வர ஒரு மணி நேரம் ஆகும் என்றார். காசிமாயன் பீடி குடிக்க வெளியே போயிருந்தான். சிஹாபுதீன் கண்ணாடிக் குழாய்களை வரிசையாக நிறுத்திக்கொண்டே கேட்டார்.

"காலையில எந்திரிச்சா விரலு மடங்கிக்கிருதா?"

செல்லத்தாய் திடுக்கிட்டாள். அதுவரை அந்தக் கேள்வியை யாரும் அவளிடம் கேட்டதில்லை.

"ஆமாண்ணே. நிமித்தி விடணும்."

"எம்புட்டு நேரம்?"

"சூரியன் பனைமரத்துக்கு மேல வர்ற வரைக்கும்."

"எங்க சின்னம்மா ஒருத்தவுக, ஹாஜரான்னு பேரு. அவுகளுக்கும் இப்படித்தான். நாலு வருசம் நான்தான் ரத்தம் எடுத்தேன். நாலு வருசமும் ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்லன்னுதான் வந்துச்சு. இப்பக் கையப் பார்த்தா இஞ்சிக் கிழங்கு மாதிரி கெடக்கு." குழாயை விளக்குக்கு நேரே தூக்கிப் பார்த்தார். "ரத்தத்துல தெரியலைங்கிறதுக்காக வலி இல்லாமப் போயிருமா? டாக்டர்ட்ட நீங்களாச் சொல்லுங்க. காலையில இம்புட்டு நேரம் விறைக்குதுன்னு சொல்லுங்க. வீட்டுல கூடப்பொறந்தவங்க யாருக்காச்சும் இருந்திருந்தா அதையும் சொல்லுங்க. அவரு நல்ல மனுசன்தான், ஆனா கூட்டம். கேக்க மறந்துருவாரு."

செல்லத்தாய் தலையாட்டினாள். அந்த ஒரு மணி நேரமும் பெஞ்சில் உட்கார்ந்து சொல்ல வேண்டியதை மனசுக்குள் சொல்லிச் சொல்லிப் பார்த்தாள். காலையில் விறைக்குது சார். பனைமர உசரம் வரைக்கும் சார். எங்க அக்காவுக்கு இருந்துச்சு சார்.

டாக்டர் காகிதத்தைப் பார்த்தார். ஈ.எஸ்.ஆர். பதினாலுதான் இருக்கு என்றார். முடக்குவாதம் என்றால் இது நன்றாக ஏறியிருக்க வேண்டும், மற்ற சோதனையும் இல்லை என்றுதான் காட்டுகிறது என்றார். பிறகு அவள் கையைப் பார்த்தார். மதியம் ஒரு மணி. விரல்கள் நன்றாக நீண்டு மடங்கின.

"எப்பம்மா வலிக்குது?"

"எந்நேரமும் வலிக்குதுங்குறா சார்" என்றான் காசிமாயன். டாக்டர் ஆம்பளை, கூட வந்த ஆம்பளைதான் பதில் சொல்ல வேண்டும் என்பது அவனுக்கு யாரும் சொல்லிக் கொடுக்காத வழக்கம். அதில் குசும்பு ஒன்றும் இல்லை. ரெங்கம்மாளைக் கூட்டிவந்தபோது 'வேலை சொன்னா வலிக்குது சார்' என்று சொன்னவன், இந்தத் தடவை பார்த்துச் சொல்ல வேண்டும் என்று நினைத்தே அப்படிச் சொன்னான்.

"குடும்பத்துல வேற யாருக்காவது இந்த மாதிரி இருந்திருக்கா?"

செல்லத்தாய் வாயைத் திறந்தாள். காசிமாயன் டாக்டரின் மேசையில் இருந்த கண்ணாடி உருண்டையைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

"இல்ல சார்" என்றான். "யாருக்கும் இல்ல."

டாக்டர் எழுதத் தொடங்கினார். மனசில் ஏதாவது கவலை இருந்தாலும் உடம்பு வலிக்கும், நல்லாச் சாப்பிடணும், தூங்கணும் என்றார். வெள்ளை மாத்திரையும் ஒரு தைலமும் எழுதிக் கொடுத்தார். செல்லத்தாய் திறந்த வாயை மூடிக்கொண்டாள். ஒரு மணி நேரம் சேர்த்து வைத்த மூன்று வாக்கியமும் நாக்குக்கடியில் அப்படியே கிடந்தன.

திரும்பி வருகையில் பஸ் பெரியார் நிலையத்திலிருந்து கிளம்பி நாகமலையை ஒட்டி வந்தது. மலை படுத்த வாக்கில் கூடவே வந்துகொண்டிருந்தது. கடைசியில் அவள்தான் கேட்டாள்.

"ஏன் மச்சான் இல்லைன்னு சொன்னீக?"

அவன் சன்னல் பக்கம் பார்த்தபடி இருந்தான். காது கேட்கவில்லையோ என்றுகூட நினைத்தாள். செக்கானூரணி வந்து, இறங்கி, வண்டிப்பாதையில் பாதி தூரம் நடந்த பிறகு, கேள்வி அப்போதுதான் கேட்கப்பட்டதுபோல, "இருந்துச்சுன்னு சொன்னா, அவ எங்கன்னு கேட்பாருல்ல" என்றான்.

*

மாத்திரை பத்து நாள் ஓடியது. வலியை மந்தமாக்கியதே ஒழிய, விடிகாலைப் பூட்டைத் திறக்கவில்லை. ரத்தத்தில் ஒன்றுமில்லை என்கிற சேதி ஊருக்குள் போய்விட்டது. பருத்திக் காட்டில் நிரை பிடித்து நிற்கும்போது, தவசி பெண்சாதி, செல்லத்தாய் மடியில் பருத்தி குறைவாக இருப்பதைப் பார்த்து, அக்கா தங்கச்சி ரெண்டு பேரும் ஒரே பள்ளிக்கூடத்துல படிச்சாளுக போல என்றாள். நிரை முழுக்கச் சிரிப்பு ஓடியது.

மார்கழிக் கடைசியில் ஒரு காலை. பனி மூடியிருந்தது. கிணற்றின் மிதிகல்லில் ஈரம். செல்லத்தாய் வாளியை இறக்கி, தண்ணீர் மொண்டு, சகடை கீச்சிடப் பாதி தூரம் இழுத்திருந்தாள். வலது கால் வழுக்கியது.

அந்த நேரத்தில் யாரும் செய்வதைத்தான் அவளும் செய்யப் பார்த்தாள். கயிற்றை விட்டுவிட்டுப் பக்கத்துக் கல்தூணைப் பிடிக்கப் பார்த்தாள். கை விடவில்லை. விட்டுவிடு, விட்டுவிடு என்று அவள் சொல்லச் சொல்ல, எட்டு விரலும் கயிற்றைப் பூட்டிக்கொண்டு கிடந்தன. வாளியின் கனம் அவளை விளிம்புக்கு இழுத்தது. முழங்கால் கல்லில் மோதி, தோள் தூணில் முட்டி நின்றது. அதனால் பிழைத்தாள். கீழே கருப்பாகத் தண்ணீர். அவள் அப்படியே தூணில் சாய்ந்து, கயிற்றைப் பிடித்த கையோடு, தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அக்கா தானாக விழவில்லை என்று அப்போது அவளுக்குத் தெரிந்தது. யாரும் சொல்லவில்லை. அவளுடைய விரல்கள் சொல்லின. அக்கா கயிற்றைச் சுற்றிக்கொள்ளவில்லை. விட முடியாமல்தான் போனாள்.

தொழுவத்திலிருந்து வந்த முத்துத்தாய் அவள் இருந்த இருப்பைப் பார்த்தாள். கிணற்று விளிம்பு, கைக்குள் கயிறு, தண்ணீரை வெறித்த கண். வாயில் அடித்துக்கொண்டு ஓடிவந்து பின்னாலிருந்து இடுப்பைக் கட்டிக்கொண்டாள்.

"வேண்டாம் தாயி. இவள விட்ரு. உனக்கு என்னா கொறை வச்சோம்? வருசா வருசம் சேலை வைக்கிறோமே, இவள விட்ரு."

செல்லத்தாய்க்குக் கொஞ்ச நேரம் கழித்துத்தான் விளங்கியது, மாமியார் பேசுவது தன்னிடம் இல்லை என்று.

*

ரத்தத்தில் இல்லாத நோவு காத்துக்கருப்பில் வந்ததாகத்தான் இருக்கும் என்று முத்துத்தாய் முடிவு கட்டிவிட்டாள். டாக்டரே காகிதத்தில் எழுதிக் கொடுத்துவிட்டார் என்றாள். உடம்பு நோவு என்றால் அவருக்குத் தெரியாமல் போகுமா? காசிமாயன் வேண்டாம் என்றும் சொல்லவில்லை, சரி என்றும் சொல்லவில்லை. வெள்ளிக்கிழமை உச்சிப்பொழுதுக்குக் பேயோட்டுகிற கோடாங்கி வீரணன் உடுக்கையோடு வந்து சேர்ந்தார்.

வீரணன் முரட்டு ஆள் இல்லை. அறுபது வயது, ஒடிசலான உடம்பு, வெற்றிலை சிவந்த வாய். வந்ததும் மோர் வாங்கிக் குடித்தார். எருமைக்கு எத்தனை ஈத்து என்று விசாரித்தார். பிறகு வாசலைக் கூட்டித் தண்ணீர் தெளித்துச் செல்லத்தாயைக் கிழக்குப் பார்த்து உட்காரவைத்தார். கூந்தலை அவிழ்த்துவிடச் சொன்னார். பெட்டியிலிருந்த சேலையை எடுத்து அவள் மடியில் போட்டார்கள். சுற்றிலும் ஊர்ப் பொம்பளைகள் நின்றார்கள். அவளுடைய ஐந்து வயது மகளை முத்திருளன் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

உடுக்கை முதலில் மெதுவாகத்தான் பேசியது. வீரணன் ஊர்ச்சாமிகளை ஒவ்வொன்றாகக் கூப்பிட்டார். பிறகு சத்தம் ஏறியது. வெயில் உச்சந்தலையில் இறங்கியது. வேப்பிலையால் அவள் தோளில் தட்டிக் கேட்டார்.

"வந்திருக்கது யாரு?"

"செல்லத்தாய்" என்றாள்.

உடுக்கை நிற்கவில்லை. தண்ணீரை முகத்தில் அடித்தார்.

"வந்திருக்கது யாரு?"

"நான்தான் அண்ணே. செல்லத்தாய். எனக்குக் கை வலிக்குது, அம்புட்டுத்தான்."

வீரணன் கூட்டத்தைப் பார்த்து லேசாகச் சிரித்தார். "இருக்கவ பேரைச் சொல்லிச் செத்தவ ஒளியுறா. நானும் முப்பது வருசமாப் பார்க்குறேன், எல்லாரும் இதே வேலையத்தான் செய்வாளுக."

மூன்றாவது தடவையும் கேட்டார். மூன்றாவது தடவையும் அவள் தன் பேரைத்தான் சொன்னாள். இந்தத் தடவை வேப்பிலை வலிக்கும்படி விழுந்தது. செல்லத்தாய் சுற்றிலும் பார்த்தாள். அத்தனை முகங்களும் அவளையே பார்த்துக்கொண்டிருந்தன. ஆறு வருசத்தில் அவளை இப்படி யாரும் உற்றுப் பார்த்ததில்லை. அவள் என்ன சொல்வாள் என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். ஆனால் அவளுடைய பேரை மட்டும் கேட்க யாருக்கும் மனமில்லை. படப்புக்கு ஓரமாகக் காசிமாயன் துண்டை வாயில் வைத்து அழுத்திக்கொண்டு நின்றான்.

உடுக்கைச் சத்தம் காதுக்குள் இருந்து வருவதுபோல் ஆயிற்று.

"ரெங்கம்மா" என்றாள்.

கூட்டத்தில் ஒரு மூச்சு இறங்கியது. முத்துத்தாய் கும்பிட்டாள். எதுக்காக வந்த, ஒருத்தி வாழ்க்கையில ஏன் புகுந்த என்று கேட்டார் வீரணன். செல்லத்தாய் ஆயத்தமாக எதையும் வைத்திருக்கவில்லை. ஆனால் சொல் வந்தது.

"நானா விழல" என்றாள். "எல்லாரும் விழுந்து செத்தேன்னு சொன்னீக. நானா விழல. கால் வழுக்குச்சு. கால் வழுக்குனா கயித்த விட்டுட்டுத் தூணைப் பிடிப்பாக. எனக்கு விரலு விரியல. விடு விடுன்னு சொன்னேன், அது விடல. நோவு நாக்குல இல்ல மாமா. விரல்லதான் இருந்துச்சு."

மாமா என்ற சொல் விழுந்ததும் கூட்டம் இரண்டடி பின்னால் போயிற்று. ரெங்கம்மாள்தான் அவனை மாமா என்பாள். செல்லத்தாய்க்கு அன்றும் இன்றும் அவன் மச்சான்தான்.

காசிமாயன் முன்னால் வந்தான். யாரும் சொல்லாமலே மண்ணில் மண்டி போட்டான்.

"நீயாப் போகலையா?" என்றான். "நெசமாவே நீயாப் போகலையா?"

"இல்ல மாமா."

அவன் முகம் ஒரு கணம் லேசானது. அடுத்த கணமே நொறுங்கியது. தன் பேச்சு அவளைக் கொல்லவில்லை என்பது புரிந்ததும், எது கொன்றது என்பதும் கூடவே புரிந்துவிட்டது.

"ஆஸ்பத்திரியில நான் இல்லைன்னு சொன்னீகளே மாமா" என்றாள் அவள். "டாக்டரு கேட்டாரு. நீங்க இல்லைன்னு சொன்னீக."

அவன் நெற்றியைத் தரையில் வைத்தான். என்ன வேணும்னு கேளுங்கப்பா, கேட்டு அனுப்பிவையுங்க என்று கிழவிகள் குரல் கொடுத்தார்கள். கிடாயா, சேலையா, பொங்கலா என்று வீரணன் கேட்டார். செல்லத்தாய் தலையை ஆட்டினாள். அவளுக்கு அப்போது தெளிவாகவே தெரிந்தது, இதுதான் நேரம் என்று. உயிரோடு இருக்கிறவள் கேட்டால் சிரிப்பார்கள். செத்தவள் கேட்டால் கொடுத்துத்தான் ஆக வேண்டும்.

"என் தங்கச்சி இனிமே கிணத்துக்குப் போகக் கூடாது" என்றாள். "வெயில் வர்றதுக்கு முந்தி அவ கை எந்த வேலையும் தொடக் கூடாது. கறவையும் கூடாது. சத்தியம் பண்ணச் சொல்லுங்க."

கொளுத்தும் வெயிலில் காசிமாயன் உள்ளங்கையில் சூடம் ஏற்றிச் சத்தியம் செய்தான். முத்துத்தாயும் அந்தக் கையைத் தொட்டுச் செய்தாள். வீரணன் திருநீறு போட்டு, மலையேறிட்டா என்றார். செல்லத்தாய் பின்னால் சாய்ந்தாள். மயங்கினதாக நினைத்து விசிறினார்கள். அவள் மயங்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு, தான் சொன்னதில் எது தன்னுடையது, எது அக்காளுடையது என்று பிரித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிரிக்க முடியவில்லை.

அன்று பொழுதடையும்வரை வந்தவர்கள் எல்லாரும் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள். இப்பக் கை எப்படி இருக்கு? போன பேய் நோவையும் கொண்டு போயிருக்க வேண்டும் அல்லவா? நல்லா இருக்கு என்றாள். ஒவ்வொருவருக்கும் அதையே சொன்னாள். சொல்லச் சொல்ல, இனி யாரிடமும் வலிக்குது என்று சொல்ல முடியாது என்பது அவளுக்கு விளங்கிக்கொண்டே வந்தது.

*

மறுநாள் அவள் எழுந்தபோது காசிமாயன் பாயில் இல்லை. தொழுவத்தில் முத்துத்தாய் கறந்துகொண்டிருக்கும் சத்தம் கேட்டது. முணுமுணுத்துக்கொண்டேதான் கறந்தாள். எருமையைத்தான் திட்டினாள். செல்லத்தாய் விரல்களை நிமிர்த்திவிட்டுப் பின்வாசலுக்குப் போனாள்.

காசிமாயன் கிணற்றில் தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்தான். வேட்டியை மடித்துக் கட்டி, மிதிகல்லில் கால் ஊன்றி, குடங்களை நிரப்பிக்கொண்டிருந்தான். வீட்டுக்குக் குடிதண்ணீர் சேந்துகிற ஆம்பளையை அந்த ஊர் பார்த்ததில்லை. வரப்பில் போன தவசி நின்று பார்த்துவிட்டு, என்ன மாப்ள, அயித்தைக்கு மருமகளா வந்துட்டியா என்று கேட்டான். காசிமாயன் திரும்பவில்லை. தவசிக்கு நேற்றைய ஞாபகம் வந்திருக்க வேண்டும். சிரிப்பை விழுங்கிக்கொண்டு போய்விட்டான்.

செல்லத்தாய் மெதுவாக நடந்து கல்தூண் பக்கத்தில் வந்து நின்றாள். அவள் வந்தது அவனுக்குத் தெரிந்தது. வாளியை மேலே கொண்டுவந்து, தண்ணீரைக் குடத்தில் சாய்த்தான். கயிற்றைக் கையில் வைத்தபடியே நின்றான். கிணற்றுக்குள் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விழுகிற சத்தம் மட்டும் கேட்டது.

"வலிக்குதா ரெங்கு?" என்றான்.

அந்தப் பேரை அவன் அப்படிக் கூப்பிட்டு அவள் கேட்டதில்லை. இரண்டு பேர் மட்டும் இருக்கும்போது கூப்பிட்ட பேராக இருக்க வேண்டும். ஏழு வருசத்துக்கு முன்னால் இதே கிணற்றடியில் கேட்டிருக்க வேண்டிய கேள்வி. நான் செல்லத்தாய் என்று சொல்லலாம். நேற்று மூன்று தடவை சொன்னாள். இன்னொரு தடவை சொன்னால் இந்தக் கேள்வி போய்விடும். திரும்ப வராது.

"வலிக்குது" என்றாள்.

"எங்கன?"

கையை நீட்டினாள். அவன் கயிற்றை வைத்துவிட்டு, ஈரக்கையை வேட்டியில் துடைத்து, அவள் கையை வாங்கிக்கொண்டான். சுண்டுவிரலில் தொடங்கி, கணுக் கணுவாகத் தொட்டான். இங்கனயா, இங்கனயா என்று கேட்டுக்கொண்டே போனான். எப்பிருந்து என்று கேட்டான். எம்புட்டு நேரம் என்று கேட்டான். அவள் ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னாள். ஒன்றையும் விடாமல் சொன்னாள்.

ஒரு தடவைகூட அவன் அவள் முகத்தைப் பார்க்கவில்லை.